பாங் அண்ணனின் பத்து இலக்க எண்

நாம் தின் என்ற ஊரின் ரயில் நிலையத்தில் நான் பயணச்சீட்டு ஜன்னலில் உட்கார்ந்திருந்த காலத்தில், பாங் அண்ணன் சரக்குக் கொட்டகையில் எடை போட்டுக்கொண்டிருந்தார். நூல் பொதி, உப்பு மூட்டை, காலைக் கட்டிய பன்றி என்று எது வந்தாலும் தராசில் ஏற்றுவார், எடையைச் சொல்வார், சாக்பீஸால் அதன் மேலேயே எழுதிவிடுவார். பன்றியின் முதுகில்கூட எழுதுவார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டார். வாயில் கொழுக்கட்டையா என்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அதற்கும் பதில் வராது.

ரயில்வே குடியிருப்பில் அவர் வீடும் என் வீடும் ஒட்டினாற்போல் இருந்தன. நடுச்சுவர் பெயருக்குத்தான் சுவர். அங்கே மீன் வறுத்தால் இங்கே நாங்கள் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்காரலாம். அவர் மனைவி ஞாய் அக்கா சந்தையில் சோயாக் கட்டி விற்றார். அக்காவுக்கு எழுத்து அவ்வளவாக வராது, ஆனால் எண்ணில் அவரை ஏமாற்றப் பிறந்தவன் சந்தையில் இல்லை. ஒரே பிள்ளை கியெம். கணக்கில் புலி என்று ஊரே சொல்லும். அந்தப் புகழில் பாதி அம்மா பரப்பியது, மீதி உண்மை.

கியெம் ஹனோய் பல்கலைக்கழகத்தில் படித்தான். குண்டு விழுகிற காலம் என்பதால் வகுப்பெல்லாம் மலைக்காட்டில், மூங்கில் கொட்டகையில் நடந்தது. அங்கே அவனுடைய ஆசிரியர் ஒரு நாள் பலகையில் ஒரு எண்ணை எழுதினாராம். 4759123141. இது வகுபடுமா, வகுபடாதா? அடுத்த வாரம் வந்து சொல்லுங்கள். அடுத்த வாரத்துக்குள் பட்டாளத்திலிருந்து ஆள் வந்துவிட்டது. வகுப்பில் பாதிப் பேர் சீருடை மாட்டிக்கொண்டு புறப்பட்டார்கள்.

போவதற்கு முன் சில நாள் வீட்டில் இருக்க விட்டார்கள். பிள்ளை அம்மா கையால் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி எழுந்து போக வேண்டாமா? இவன் அப்பாவை உட்கார வைத்துக்கொண்டு பெருக்கல் போட்டான். ஒரு எண் வகுபடாத பகா எண்ணா என்று பார்க்க அவர்களுக்கு ஒரு சோதனை தெரிந்திருந்தது. இரண்டை இரண்டால் பெருக்கிக்கொண்டே போய், அந்த எண்ணுக்கு ஒன்று குறைவான அடுக்கு வரை ஏற்றி, பிறகு அந்த எண்ணாலேயே வகுக்க வேண்டும். மிச்சம் ஒன்று வந்தால் அது பகா எண். அத்தனை தடவை பெருக்க ஆயுள் போதாது, அதற்குக் குறுக்கு வழி உண்டு என்றான். குறுக்கு வழியே அப்பாவும் மகனும் வீட்டில் இருந்த காகிதத்தை எல்லாம் தீர்த்துவிட்டு அரிசிப் பானையின் மூடியில் எழுதும் அளவுக்கு நீளமாக இருந்தது.

கடைசியில் ஒன்றுதான் வந்தது.

"அப்பா, ஒண்ணு வந்துருச்சு. இதை யாராலயும் வகுக்க முடியாது" என்றான். பாங் அண்ணன் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். எடை சரியாக நின்றால் வருகிற சிரிப்பு.

ரயில் ஏறும்போது ஞாய் அக்கா அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. என் ஜன்னலுக்கு நேர் எதிரேதான் நின்றார்கள். கியெம் அம்மாவைத் தேற்றுகிறேன் பேர்வழி என்று இப்படிச் சொன்னான்:

"அழாதம்மா. அந்த எண்ணு இருக்குல்ல, அதை எவனாலயும் உடைக்க முடியாது. அது உடையாம இருக்கிற வரைக்கும் நானும் உடையாம இருப்பேன். போதுமா?"

விளையாட்டாகச் சொன்னதுதான். இந்தப் பிள்ளைகள் ரயில் ஏறுகிற நேரத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். சுமப்பது வீட்டில் இருக்கிறவர்கள். எனக்கு இன்றைக்கும் அவன் மேல் கோபம் உண்டு. செத்தவன் மேல் கோபப்படக் கூடாது என்பார்கள், பட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

அடுத்த வருஷத்துக்கு அடுத்த வருஷம் அறிவிப்பு வந்தது. தெற்குப் போர்முனையில் இறந்தான் என்று ஒரு வரி. தேதி இல்லை, இடம் இல்லை, உடம்பு இல்லை. எங்களில் செத்த நாள் தெரியாவிட்டால் வீட்டைவிட்டுப் போன நாளையே திதியாக வைத்து, பூசை மாடத்தில் படம் வைத்து, சோறு படைப்போம். அப்படிச் செய்யாவிட்டால் அந்த ஆவி பசியோடு அலையும், கண்ட வீட்டு வாசலில் போய் நிற்கும். குடியிருப்புப் பெண்கள் எல்லோரும் போய் ஞாய் அக்காவிடம் இதைச் சொன்னார்கள். நானும் போனேன்.

அக்கா அசையவில்லை. "உசுரோட இருக்கிற புள்ளைக்குச் சோறு படைச்சா அவன் அங்க செத்துப்போவான். எண்ணு உடையல. உடைஞ்ச அன்னைக்குப் படத்தை வைக்கிறேன்." பிறகு கணவர் பக்கம் திரும்பினார். "கியெமோட அப்பா, நீங்கதான் சுத்தமா கணக்குப் போடுவீங்கள்ல. வகுத்துப் பாருங்க."

மாட்டேன் என்ற சொல்லைப் பாங் அண்ணன் வாழ்நாளில் உபயோகித்ததில்லை. உடைந்த சரக்குப் பெட்டியிலிருந்து ஒரு பலகையை எடுத்துவந்து, கரி பூசி, சாப்பிடுகிற இடத்துக்கு மேலே சுவரில் மாட்டினார். நடுவில் அந்த எண்ணை எழுதினார். வலது மூலையில் அன்றைக்கு எதனால் வகுக்கிறாரோ அது.

ஏழால் வகுத்தால் மிச்சம் மூன்று. பதினொன்றுக்கும் மூன்று. பதின்மூன்றுக்கு ஆறு. பதினேழுக்கு ஒன்றே ஒன்று மிச்சம். அன்றைக்கு ஞாய் அக்கா கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "மயிரிழையில தப்பிச்சான்" என்றார். அந்த வீட்டில் 'அவன்' என்றால் பிள்ளையா எண்ணா என்று பிரித்துக் கேட்பதை நாங்கள் விட்டுவிட்டோம்.

எல்லா எண்ணாலும் வகுக்க வேண்டியதில்லை என்று கியெம் அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தான். இரண்டாலும் மூன்றாலும் ஐந்தாலும் வகுபடுகிற எண்களை விட்டுவிடலாம். கடைசி வரை போகவும் வேண்டாம். ஒரு எண் இரண்டாக உடைந்தால் ஒரு துண்டு சின்னதாகத்தான் இருக்கும். இந்த எண்ணுக்கு அந்தச் சின்னத் துண்டு 68986-ஐத் தாண்ட முடியாது. அதுவரை உடையாவிட்டால் பிறகு ஒருகாலும் உடையாது. ஞாய் அக்கா அந்த அறுபத்தெட்டாயிரத்தைப் பிரசவ நாள் மாதிரி மனசில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

பாங் அண்ணன் வேலை முடிந்து வந்து, குளித்து, புகைக்குழாயை ஒரு இழுப்பு இழுத்துவிட்டுப் பலகைக்கு முன்னால் நின்றுவிடுவார். வகுத்து முடித்ததும் விடையைத் திரும்பப் பெருக்கிச் சரிபார்ப்பார். ஒரு மாலைக்கு நாலு எண்ணைத் தாண்டினால் அதிகம். பிறகு துடைத்துவிட்டு மூலையில் புது எண்ணை எழுதுவார். சாப்பாட்டில் அக்கா கேட்பார்:

"எங்க வந்தீங்க?"

அவர் எண்ணைச் சொல்வார். "வகுபடல" என்பார். அக்கா அதற்குப் பிறகுதான் அவர் கிண்ணத்தில் சோறு போடுவார்.

சோறு என்று சொல்கிறேன். முக்கால்வாசி தானியக் குறுணை, கால்வாசி அரிசி. ரேஷன் காலம். ஒரு நாள் நான் சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து, "பாங் அண்ணே, அந்த எண்ணு பேர்லயும் ஒரு ரேஷன் சீட்டு எழுதி வாங்குங்க. வீட்டுல மூணாவது ஆளு அதுதானே" என்றேன். அந்தப் பக்கத்திலிருந்து அக்கா, "சீட்டு குடுத்தா வாங்கிக்குவோம், உங்க அப்பன் வீட்டு அரிசியா?" என்றார். சிரித்துத்தான் சொன்னார். அப்படியே வருஷங்கள் போயின. போர் முடிந்தது. பலகை மூலையில் இருந்த எண் முப்பதாயிரத்தைத் தாண்டியது, நாற்பதைத் தாண்டியது. திரும்பி வரவேண்டியவர்கள் திரும்பினார்கள். மற்றவர்களின் படம் ஒவ்வொரு வீட்டு மாடத்திலும் ஏறியது. ஞாய் அக்கா வீட்டு மாடத்தில் மாமனாரும் மாமியாரும் மட்டும்தான்.

பெரும்புயல் வந்து எங்கள் குடியிருப்பின் கூரையைத் தூக்கிப்போன வருஷம், இலையுதிர்காலத்தில் ஒரு நாள், அண்ணன் வயிற்றுவலி என்று சாப்பிடாமல் படுத்துவிட்டார். எண்ணைச் சொல்லிவிட்டு, வகுபடவில்லை என்றும் சொல்லிவிட்டுத்தான் படுத்தார். எனக்கு அது நினைவிருக்கக் காரணம், அவருக்குப் போட்ட சோற்றை அக்கா வீணாக்க மனமில்லாமல் எனக்குக் கொடுத்ததுதான்.

அதற்குப் பிறகு அவர் வகுக்கிற விதம் மாறியது. திரும்பப் பெருக்கிச் சரிபார்ப்பதை விட்டுவிட்டார். கை அதுபாட்டுக்கு எழுதும், கண் வேறெங்கோ இருக்கும். வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். இன்னொன்றும் பார்த்தேன். ஏழாம் மாசப் பௌர்ணமிக்கு எல்லா வீட்டிலும் நாதியற்ற ஆவிகளுக்காக இலையில் கஞ்சி ஊற்றி வாசலில் வைப்போம். அதுவரை அந்தப் பக்கமே வராத மனிதர், சரக்குக் கொட்டகைக்குப் பின்னாலிருந்த மரத்தடியில் தனியாகக் குந்திக்கொண்டு, தன் பங்கு அரிசியில் காய்ச்சிய கஞ்சியை இலை இலையாக ஊற்றிக்கொண்டிருந்தார். நல்ல கெட்டிக் கஞ்சி. ஆவிகளுக்கு யாராவது அவ்வளவு கெட்டியாக ஊற்றுவார்களா?

மூலையில் இருந்த எண் 62011 ஆனபோது லாம் வந்தான். கியெமோடு மூங்கில் கொட்டகையில் படித்தவன். சின்ன வயசிலிருந்தே ஒரு கால் சூம்பிப்போனதால் பட்டாளத்தில் எடுக்கவில்லை. ஹனோயில் பள்ளி வாத்தியாராக இருந்தான். ஞாயிற்றுக்கிழமை, கையில் ஒரு பொட்டலம் சர்க்கரையோடு வந்து நின்றான். பாங் அண்ணன் தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். நானும் அக்காவும் சோயா புடைத்துக்கொண்டிருந்தோம்.

பையனுக்கு உட்கார இடம் கொடுத்து, தேநீர் ஊற்றி, அவன் அம்மாவை விசாரித்தாயிற்று. அப்போதுதான் அவன் பலகையைப் பார்த்தான்.

"பெரியம்மா, இது எங்க சார் போட்ட எண்ணுல்ல" என்றான். முகம் மலர்ந்துவிட்டது. பழைய சிநேகிதனைப் பார்த்த மாதிரி. "இதை வச்சு எங்க எல்லாரையும் முட்டாளாக்கினாரு அந்த மனுஷன். நாங்க அத்தனை பேரும் ரெண்டை வச்சு சோதிச்சு, ஒண்ணு வந்துருச்சு, பகா எண்ணுன்னு எழுதினோம்."

"கியெமுக்கும் ஒண்ணுதான் வந்துச்சு" என்றார் அக்கா.

"வரும் பெரியம்மா. சார் வேணும்னே ரெண்டு பகா எண்ணைப் பெருக்கிச் செஞ்ச எண்ணு இது. வகுபடுற எண்ணா இருந்தும் சோதனையில ஒண்ணு வரும். ரெண்டு எப்பவுமே நிஜம் சொல்லும்னு இல்ல, ஒரே சாட்சியை நம்பாதீங்கடான்னு சொல்லிக்குடுக்கத்தான் போட்டாரு. பட்டாளத்துக்குப் போனவங்க அதைக் கேக்கல. மிச்சம் இருந்த ஏழெட்டுப் பேருக்குச் சொன்னாரு."

அக்கா முறத்தைக் கீழே வைத்தார். "அப்ப உடையுமா இது?"

"உடையும். நாப்பத்தெட்டாயிரத்தி எழுநூத்தி எண்பத்தொண்ணு, அதோட தொண்ணூத்தேழாயிரத்தி ஐநூத்தி அறுபத்தொண்ணு." அவன் மூலையில் இருந்த எண்ணைப் பார்த்தான். "பெரியப்பாதான் கண்டுபிடிச்சிருப்பாரே. அதைத் தாண்டி எவ்வளவோ தூரம் வந்துட்டாரு. இன்னும் எதுக்கு வகுக்கிறாரு?"

அவனைக் குற்றம் சொல்ல முடியாது. அந்த வீட்டில் அந்த எண் என்னவாக இருந்தது என்று அவனுக்கு யார் சொன்னார்கள்? நான் அவன் காலை மிதித்தேன். அதற்குள் எல்லாம் சொல்லியாகிவிட்டது.

ஞாய் அக்கா பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, "மேன், நாப்பத்தெட்டு பெருசா, அறுபத்திரண்டு பெருசா?" என்றார். சந்தையில் இருபது வருஷம் விற்றவர் கேட்கிற கேள்வியா அது? வேறு யாராவது சொல்லட்டும் என்று கேட்டார்.

அண்ணன் இரண்டு வாளித் தண்ணீரோடு உள்ளே வந்தார். லாமைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. வாளிகளைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றார்.

"புயலடிச்ச வருஷம்" என்றார் அக்கா. "வயித்துவலின்னு படுத்தீங்களே. அன்னைக்கு என்ன எண்ணு சொன்னீங்க?"

"நாப்பத்தெட்டாயிரத்தி எழுநூத்தி எண்பத்தொண்ணு."

"அதுக்கப்புறம் என்ன சொன்னீங்க?"

அண்ணன் வாளிகளைக் கீழே வைத்தார். அக்காவே சொன்னார்:

"வகுபடலைன்னு சொன்னீங்க."

அந்த எண்ணைப் பற்றி அந்த மனிதர் அத்தனை வருஷத்தில் சொன்ன ஒரே பொய் அது. அதற்கு முன்னால் சொன்னதும் நிஜம், பின்னால் சொன்னதும் நிஜம். பின்னால் வந்த எந்த எண்ணாலும் அது வகுபடவே இல்லை. 68986 வரை போயிருந்தாலும் வகுபட்டிருக்காது.

"உனக்காகத்தான்" என்றார் அண்ணன். "நீ தாங்க மாட்டேன்னு."

"நான் தாங்கலைன்னா நான் சாவேன். அதுக்கென்ன?" அக்காவின் குரல் உயரவே இல்லை. "படத்தை வைக்காம மொதல்ல போன வருஷமெல்லாம் நான் போட்ட பட்டினி. எண்ணு உடையல, புள்ள இருக்கான்னு நினைச்சேன். தெரியாம செஞ்சேன், அந்தப் பாவம் என்னோட போகட்டும். நீங்க தெரிஞ்சுல்ல செஞ்சீங்க. புயலுக்கப்புறம் மூணு வருஷம். பக்கத்து வீடுகள்ல செத்த புள்ளைங்களெல்லாம் சாப்பிட்டுச்சுங்களே. என் புள்ள எவன் வாசல்ல நின்னு பாத்துக்கிட்டிருந்துச்சோ."

"ஏழாம் மாசம் கஞ்சி ஊத்தினேன்" என்றார் அண்ணன். அவர் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. "கெட்டியாத்தான் ஊத்தினேன்."

"நாதியத்த பேய்ங்க வரிசையிலயா? அப்பனும் ஆத்தாளும் குத்துக்கல்லா இருக்கையில?" அக்கா எழுந்து நின்றார். அதுவரை கணவரை அவர் நீ என்று சொல்லி நான் கேட்டதில்லை. "என் புள்ளைய மூணு வருஷம் பட்டினி போட்டுட்டு, தினமும் நான் போட்ட சோத்தை எப்படித் தின்னே நீ?"

லாம் அழுதுகொண்டிருந்தான். நான் அவனை வெளியே கூட்டிப்போக எழுந்தேன். அக்கா, "அவன் இருக்கட்டும், புள்ளையோட படிச்சவன், சாப்பிட்டுப் போகட்டும்" என்றார். முட்டையிடுகிற கோழி ஒன்று இருந்தது. அந்த முட்டைகளை விற்றுத்தான் மாசக் கடைசியை ஓட்டுவார்கள். அதைப் பிடித்து அறுத்தார். அவன் ரயிலேறிய நாள் இன்னும் வரவில்லையே அக்கா, அன்றைக்குப் படைக்கலாமே என்று கேட்டேன்.

"பசிச்சவனுக்கு நாள் பாப்பியாடி?" என்றார்.

என் வீட்டு அரிசியையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். குறுணை கலக்காத சோறு. அவித்த கோழி, அவனுக்குப் பிடித்த பொரித்த சோயாக் கட்டி, மீன்சாறு. கியெமின் படத்தை மாமனார் படத்துக்குக் கீழே வைத்து, ஊதுவத்தி கொளுத்தினார். பாங் அண்ணன் முகம் கழுவி, நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்து, ஊதுவத்திக்காகக் கையை நீட்டினார். அக்கா கையில் இருந்த எல்லாவற்றையும் தானே மணல் கிண்ணத்தில் செருகிவிட்டு உள்ளே போய்விட்டார்.

கரிப் பலகையை மறுநாளே கழுவி, சோயாக் கட்டி அழுத்த எடுத்துக்கொண்டார். நல்ல கனமான பலகை. சண்டை என்று ஏதும் நடக்கவில்லை. சோறு போட்டார், துணி துவைத்துக் கொடுத்தார், வயிற்றுவலி நிஜமாகவே வந்தபோது முதுகில் தூக்காத குறையாக மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். ஆனால் வருஷா வருஷம் கியெம் ரயிலேறிய நாளில், அண்ணன் சந்தையிலிருந்து கோழி வாங்கிவந்து வாசலில் வைத்துவிட்டு, ஊதுவத்தி எரிந்து முடிகிற வரை வெளியே நிற்பார். உள்ளே வாங்க என்று அக்கா கூப்பிடவில்லை. நான் ஒரு முறை சொல்லிப் பார்த்தேன். உன் வேலையைப் பார் என்ற பதில் வந்தது.

பாங் அண்ணன் வயிற்றுக் கட்டியில் இறந்தார். எங்களில் நூறு நாள் வரை செத்தவருக்கு வேளாவேளைக்குச் சோறு வைக்கிற வழக்கம். பலர் முதல் ஏழு நாளோடு முடித்துக்கொள்வார்கள். ஞாய் அக்கா நூறு நாளும், ஒரு வேளைகூடத் தவறாமல், சூடாக வைத்தார். இரண்டு கிண்ணம். ஒவ்வொரு வேளையும் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவர் படத்தைப் பார்த்துச் சொல்வது எனக்குக் கேட்கும்:

"மொதல்ல புள்ள சாப்பிடட்டும். அப்புறம் நீங்க."